எப்ப வரும்னு தெரிஞ்ச பயம்

அந்த மைக்க இன்னுங் கொஞ்சம் தள்ளிப் புடிங்கம்மா. வாய்க்குக் கிட்ட வந்தா எனக்குப் பேச்சு வராது. ஆங், அங்கயே இருக்கட்டும். செல்போன அந்த ஸ்டாண்டுல வெச்சிட்டீங்கல்ல, அது பாட்டுக்கு ஓடட்டும், நான் அந்தப் பக்கம் பாக்கல.

என்ன கேட்டீங்க? முப்பது வருசம் ஆகியும் இந்த டைனோசர் படத்த ஜனங்க ஏன் இன்னும் இப்பிடி அடிச்சுப் புடிச்சு வந்து பாக்குறாங்கன்னுதானே? சரியான ஆளத்தான் புடிச்சிருக்கீங்க. உள்ள படம் ஓடுது, இந்த மனுசன் வெளிய சைக்கிள் ஸ்டாண்டுல நிக்கிறானே, இவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சிறாதீங்க. இந்த ஆடி மாசத்துல மட்டும் இத எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே கணக்கு இல்ல. உள்ள என்ன நடக்குதுன்னு இங்கருந்தே சொல்லுவேன்.

இப்ப சத்தமே இல்ல, கவனிச்சீங்களா? மியூசிக்கும் இல்ல. கூடாரத்துக்குள்ள அந்த அம்மாவும் சின்னப் பையனும் படுத்திருப்பாங்க. வெளிய அது வந்து நிக்கும். நமக்கு அதக் காட்ட மாட்டான். கூடாரத் துணி மட்டும் மெதுவா உள்ள வரும், மெதுவா வெளிய போவும். அது மூச்சு விடுதாம். அந்தம்மா பையன் வாயப் பொத்திக்கிட்டு அந்தத் துணியவே பாத்துக்கிட்டிருக்கும். இப்பக் கத்துவாங்க, கேளுங்க.

கேட்டுச்சா? தியேட்டரே கத்துது. அதுல எல்லாத்துக்கும் மேல மெல்லிசா ஒரு சத்தம் போச்சே, அது என் பொண்ணு. சத்தியமா. ஊரே கூடிக் கத்தினாலும் எனக்கு அது தனியாத் தெரியும்.

என் பேரு மருதமுத்து. இந்த முசிறியில டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன். அதோ வேப்பமரத்தடியில எல் போர்டு மாட்டி நிக்குது பாருங்க, நம்ம வண்டிதான். எங்க வண்டியில ஒரு விசேசம் உண்டு. சொல்லிக் குடுக்குற ஆளு உக்கார்ற பக்கமும் கால்மாட்டுல ஒரு பிரேக் இருக்கும். கத்துக்க வர்றவன் பதறிப் போயி எதையாச்சும் மிதிச்சான்னா நான் இந்தப் பக்கம் அமுக்கி வண்டிய நிறுத்திருவேன். அந்தப் பழக்கம், இந்தப் படத்துல அது பாயுற நேரம் வந்தா என் காலு தானா தரையப் போட்டு மிதிக்குது. முன்சீட்டுக்காரன் திரும்பி மொறைப்பான். வரப்போவுதுன்னு தெரியும், எந்தப் பாறைக்குப் பின்னாலருந்து வரும்னு தெரியும், இருந்தும் காலு கேக்க மாட்டேங்குது. அது ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. என் பொண்ணு ஒரு காரணம் சொன்னா. அத வேணா உங்க சேனல்ல போடுங்க, நல்லாருக்கும். சொல்றேன்.

மோனிஷான்னு பேரு. எங்களுக்கு ஒரே பொண்ணு. தை மாசந்தான் கல்யாணம் பண்ணிக் குடுத்தோம். மாப்பிள்ளை நவநீதன், கரூர்ல சொந்தமா பஸ் பாடி கட்டுற பட்டறை வெச்சிருக்காரு. நல்ல எடம். வீட்டுல ஒரு சத்தம் கெடையாது, அவ்வளவு அமைதியான குடும்பம். உங்களுக்குக் கல்யாணம் ஆச்சாம்மா? இல்லயா. அப்ப சொன்னாத்தான் தெரியும். கல்யாணமாகி வர்ற மொத ஆடியத் தலை ஆடின்னு சொல்லுவோம். நாங்க போயி மாப்பிள்ளைக்கு விருந்து வெச்சு, துணிமணி எடுத்துக் குடுத்துட்டு, பொண்ண இங்க அழச்சுக்கிட்டு வந்துருவோம். ஆடி முழுக்கப் பொறந்த வீட்டுலதான் இருப்பா. ஆவணி பொறந்ததும் சீரோட கொண்டு போயி விடணும். அதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுலருந்து வந்து கூப்பிட மாட்டாங்க. எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் இதுதான் மொறை.

ஒரு நிமிசம், போன் அடிக்குது. சொல்லுங்க மாப்பிள்ளை. ஆங். ஆங். சரிங்க மாப்பிள்ளை. மெதுவாவே வாங்க, படம் விட நேரமிருக்கு.

மாயனூர் தாண்டிட்டாராம். மாப்பிள்ளைதான். கார்ல வந்துக்கிட்டிருக்காரு. படம் விட்டதும் இங்க வாசல்லருந்தே மோனிஷாவக் கூட்டிக்கிட்டுப் போறாரு. அவளுக்குத் தெரியாது. நீங்கள்லாம் ஒரு வார்த்த சொல்லுவீங்களே, சர்ப்ரைஸா? அந்த மாதிரி வெச்சுக்குங்களேன். பெட்டியக் காலையிலயே நான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நம்ம வண்டி டிக்கியில இருக்கு.

ஆமாம்மா, ஆடி இன்னும் முடியலதான். அதுக்குத்தான் வர்றேன்.

அவள இங்க அழச்சுக்கிட்டு வந்த புதுசுல ஆளே ஒரு மாதிரி இருந்தா. வாசல்ல கார் சத்தம் கேட்டா எந்திரிச்சுருவா. நம்ம எல் போர்டு வண்டி வந்து நின்னாக்கூட, சாப்பிட்டுக்கிட்டிருக்கிற தட்ட அப்பிடியே வெச்சுட்டுச் செவத்தோரமா நிப்பா. புகுந்த வீட்டுல மரியாதையெல்லாம் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு விஜயராணிகிட்டச் சொன்னேன். விஜயராணி என் சம்சாரம். அவ ரசத்தக் கொண்டாந்து வெச்சுட்டு உள்ள போயிட்டா. அவ எப்பவும் அப்பிடித்தான், நாலு வார்த்த சொன்னா ஒரு வார்த்த பேசுவா.

பொண்ணு இப்பிடி வாய் தொறக்காம இருக்காளேன்னு நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். அல்வா வாங்கிக்கிட்டு வந்தேன். வண்டியக் குடுத்து ஓட்டுடின்னேன். பிரமாதமா ஓட்டுவா, நான் பழக்கினதாச்சே. வேண்டாம்ப்பா, லைசென்ஸ் அவருகிட்ட இருக்குன்னுட்டா. கல்யாணமான வாரமே மாப்பிள்ளை அத வாங்கித் தன் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாராம். பொறுப்பான மனுசன். எங்க போறதுன்னாலும் அவரே கூட்டிக்கிட்டுப் போவாரு. இந்தக் காலத்துல எந்த ஆம்பள அப்பிடி இருக்கான்?

அப்பத்தான் இந்தப் படத்தப் புது சவுண்டுல மறுபடி ரிலீஸ் பண்றாங்கன்னு போஸ்டர் ஒட்டினான். எனக்கு ஒரே குஷி. இவ சின்னப் புள்ளையா இருக்கும்போது இதே தியேட்டர்ல இதே படத்த இன்னொரு தடவ ஓட்டுனான். மடியில உக்கார வெச்சுப் பாத்தேன். அது வாயத் தொறக்குற நேரம் கையால அவ கண்ண மூடிருவேன். இவ என் வெரல விலக்கிட்டு விலக்கிட்டுப் பாப்பா. அந்த நெனப்புல, வாடி போலாம்னு கூட்டிக்கிட்டு வந்தேன். வேண்டா வெறுப்பாத்தான் வந்தா.

நீங்க நம்ப மாட்டீங்க. அந்தக் கூடாரம் வர்ற எடத்துல அவ கத்தினா பாருங்க. எல்லாரும் கத்தி நிறுத்திட்டாங்க, இவ நிறுத்தல. அடி வயித்துலருந்து கத்துறா. பக்கத்துல இருந்த காலேஜ் புள்ளைங்க இவளப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டு அதுகளும் மறுபடி கத்துதுங்க. அப்புறம் இவளும் சிரிக்கிறா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கிறா. வெளிய வந்து, பசிக்குதுப்பான்னு சொன்னா. பரோட்டாக் கடையில உக்காந்து அவ சாப்பிட்டதப் பாத்து எனக்கு நெறஞ்சு போச்சு. மறுநாளு அவளே வந்து, அப்பா, போலாமான்னா. அதுலருந்து ஒண்ணு விட்டு ஒரு நாளு இங்கதான் இருக்கோம். டிக்கெட் குடுக்குறவன் எங்களப் பாத்தாலே ஓர சீட்டாக் கிழிச்சுக் குடுத்துருவான்.

இப்பக் கைதட்டுறாங்கல்ல? கூடாரம் போட்ட அந்தக் கேம்ப்புக்குப் பெரிய ஆளா ஒருத்தன் வருவான், அவன அது கவ்விருச்சு. ஜனங்களுக்கு அவனக் கண்டாலே ஆவாது. படம் ஆரம்பிச்சதுலருந்து பூசி மெழுகிக்கிட்டே வருவான். மரத்துல இந்த ஒசரத்துக்கு நகக் கீறல் கெடக்கும். அந்தம்மா காட்டும். மின்னல் அடிச்சிருக்கும்பான். வேலி வளஞ்சு கெடக்கும். காத்துல சாஞ்சிருக்கும்பான். தியேட்டர்ல எல்லாரும், யோவ் கண்ண நல்லாத் தொறந்து பாருய்யான்னு கத்துவாங்க. எத்தன தடவ பாத்தாலும் எனக்கும் அவன் மேல அப்பிடி ஒரு ஆத்திரம் வரும். கண்ணு முன்னால கெடக்குறது ஒருத்தனுக்கு எப்பிடிம்மா தெரியாமப் போவும்? கதைக்குன்னாலும் ஒரு ஞாயம் வேண்டாமா?

ஆங், மோனிஷா சொன்ன காரணம். ஒரு நாளு படம் விட்டு வண்டியில போயிக்கிட்டிருக்கோம். ஏண்டி, கதை மனப்பாடம் ஆயிருச்சு, இன்னுமா பயமா இருக்குன்னு கேட்டேன். அவ ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே சொல்றா, இதுல அது எப்ப வரும்னு தெரியும்லப்பா, தெரிஞ்சு பயப்படுறது சொகமா இருக்குன்னு. கேட்டீங்களா? பி.காம். படிச்ச புள்ள, என்னமா யோசிக்கிறா. இன்னொண்ணும் சொன்னா. இங்க கத்தினா யாரும் ஏன் கத்துறன்னு கேக்க மாட்டாங்கப்பான்னா. அதுவும் சரிதானே? எல்லாரும் காசு குடுத்துக் கத்தத்தானே வந்திருக்கோம். நீங்க ஊர் ஊராப் போயி இத்தன பேருகிட்டக் கேட்டிருப்பீங்க, இந்த மாதிரி ஒரு பதில் யாராச்சும் சொன்னாங்களா?

ஏம்மா அப்பிடிப் பாக்குறீங்க?

இல்லம்மா, அவ எங்கிட்ட வேற ஒண்ணும் சொல்லல. சொல்லவே இல்ல. பதினெட்டாம் பெருக்குக்குக் காவேரிக்குப் போயிருந்தோம். புதுசாக் கல்யாணமான பொண்ணுங்களுக்குத் தாலிக் கயித்தப் பிரிச்சுப் புது மஞ்சக் கயித்துல கோத்துக் கட்டுவாங்க. விஜயராணிதான் இவ கூந்தல ஒதுக்கிட்டுக் கட்டினா. நான் படியில தேங்காய வெச்சுக்கிட்டு நின்னேன். பின்கழுத்துல கன்னிப் போன மாதிரி நாலு எடத்துல கருப்பா இருந்துச்சு. என்னன்னு கேட்டேன். பழைய கயிறு உறுத்தியிருக்கும்னு விஜயராணி சொன்னா. மஞ்சக் கயிறு உறுத்தத்தான் செய்யும். கயிறு உறுத்தினா நாலு எடத்துல எப்பிடி உறுத்தும்னு நீங்க கேக்கலாம். நான் கேக்கல. ஆத்தங்கரையில அத்தன பொம்பளைங்க நிக்கிறாங்க, நின்னு கேக்குற விசயமா அது?

இந்த மாப்பிள்ளை இருக்காரே, தெனமும் எனக்குப் போன் பண்ணிருவாரு. மோனிஷாவுக்குப் பண்ண மாட்டாரு, எனக்குத்தான் பண்ணுவாரு. மாமா, எப்பிடி இருக்கா, எங்க போறா, யாருகிட்டப் பேசுறான்னு விசாரிப்பாரு. அவ்வளவு கரிசனம். நானும் ஒளிக்காம எல்லாம் சொல்லுவேன். போன வாரம் ஒரு நாளு பேச்சு வாக்குல இந்தப் படத்தப் பத்திச் சொன்னேன். உங்க வீட்டுக்காரி பண்ற கூத்தக் கேளுங்க மாப்பிள்ளை, தியேட்டர் அதிரக் கத்துறா, எப்ப வரும்னு தெரிஞ்சு பயப்படுறது சொகமா இருக்காம், இங்க கத்தினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்களாம்னு, அப்பிடியே ஒண்ணு விடாமச் சொன்னேன். சிரிப்பாருன்னு நெனச்சேன். சிரிக்கல. ரொம்ப மெதுவாக் கேட்டாரு, வேற என்ன மாமா சொன்னான்னு. வேற ஒண்ணுமில்லைங்க மாப்பிள்ளைன்னேன்.

அதுக்கு மறுநாளே, எங்கம்மாவுக்கு உடம்பு முடியல, வெள்ளிக்கிழமை வந்து அவளக் கூட்டிக்கிட்டுப் போறேன்னுட்டாரு. ஆடி முடியலைங்களேன்னு சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒரு வார்த்த போதும்மா. ஆடின்னு சொல்லிட்டா எவனும் எதுத்துப் பேச முடியாது, ஊரே நம்ம பக்கம் நிக்கும். சொல்லவும் சொன்னேன். அவரு கோவப்படல. கோவமே படமாட்டாரு. அப்பச் சரிங்க மாமா, ஆடி முடிஞ்சும் அங்கயே இருக்கட்டும், ஆவணிக்கும் அங்கயே இருக்கட்டும், நீங்களே வெச்சுக்குங்கன்னாரு. இல்லைங்க மாப்பிள்ளை, நீங்க வாங்கன்னுட்டேன்.

விஜயராணிகிட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டா. ஆடி முடியுற வரைக்கும் யாரு வந்தாலும் அனுப்ப மாட்டேன்னு பொண்ணு வந்த நாள்லருந்தே சொல்லிக்கிட்டிருக்கா. ஆடி முடிஞ்சாலும் பாக்கலாம்னு ஒரு தடவ வாய் தவறிச் சொன்னா. அதனால இன்னிக்கி ஆடி வெள்ளி, அவ சமயபுரம் கோயிலுக்குக் கெளம்பிப் போற வரைக்கும் பொறுத்திருந்து, மோனிஷா குளிக்கப் போன நேரம் பெட்டியில துணிய அடுக்கினேன். எது எங்க இருக்குன்னு எனக்கு எங்க தெரியுது? கைக்கு வந்தத எடுத்து வெச்சேன். அப்புறம், வாடி, இன்னொரு தடவ பாத்துட்டு வந்துருவோம்னு கூப்பிட்டேன். துள்ளிக்கிட்டு வந்தா. டிக்கெட்ட அவ கையில குடுத்துட்டு, நீ போம்மா, எனக்குத் தலவலின்னு வெளியவே நின்னுட்டேன். இன்னிக்கி என்னால உள்ள உக்கார முடியலம்மா.

இருங்க, போன். சொல்லுங்க மாப்பிள்ளை. குளித்தலை வந்துட்டீங்களா. அப்பப் பக்கம்தான். பாலத்தத் தாண்டி நேரா வாங்க, தியேட்டர் வாசல்ல நிக்கிறேன். இல்லைங்க, அவகிட்ட ஒண்ணும் சொல்லல.

குளித்தலையிலருந்து பாலந்தான். ஆத்தத் தாண்டினா முசிறி. படத்துல இப்ப அந்தம்மாவும் பையனும் குகைக்குள்ள இருப்பாங்க. இன்னும் கொஞ்சந்தான் படம்.

என்னம்மா சொல்றீங்க? பின்பக்கக் கதவா? எனக்கும் தெரியும், ஆத்து ரோட்டுப் பக்கமாப் பின்னாடி ஒரு கதவு இருக்கு. நம்ம வண்டியும் இருக்கு. உள்ள போயி அவளக் கையப் புடிச்சு எழுப்பி, அந்தப் பக்கமாக் கூட்டிக்கிட்டுப் போயிரலாம். காலையிலருந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு நிக்கிறேன். கூட்டிக்கிட்டு எங்க போறது? எங்க சுத்தினாலும் சாயங்காலம் வீட்டுக்குத்தானே வரணும். அவரும் அங்க வந்து உக்காந்திருப்பாரு. டீ குடிச்சுக்கிட்டு, வாங்க மாமான்னு சொல்லுவாரு. என்ன பதில் சொல்றது அவருக்கு?

நீங்க சின்னப் பொண்ணு, சுளுவாச் சொல்லிருவீங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே பண்றேன்னு நெனைக்கிறீங்க. எனக்கு என்னம்மா தெரியும்? யாரு எங்கிட்டச் சொன்னா? அவ அம்மாகிட்டச் சொன்னாளா, தெரியாது. அம்மாவாச்சும் எங்கிட்டச் சொன்னாளா? அதுவும் இல்ல. மூணு பேரும் ஒரே வீட்டுல உக்காந்து ஒரே சட்டிச் சோத்தத் தின்னுக்கிட்டு, ஒருத்தரும் வாயத் தொறக்கல. யாரும் சொல்லாதத நான் எப்பிடித் தெரிஞ்சுக்குறது? ஒரு தடவ கரூருக்கே போனேம்மா, கேட்டுரலாம்னுதான் போனேன். வாசல் வரைக்கும் வந்து கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாரு. பட்டறையெல்லாம் சுத்திக் காட்டினாரு. கெளம்புறப்ப அவரே கார்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. நான் முன்னாடிதான் உக்காந்திருந்தேன். ரொம்ப வேகமா ஓட்டுனாரு. என் கால்மாட்டுல பிரேக் இல்ல. கேக்க வந்தது எதுவும் கேக்காம எறங்கி வந்துட்டேன்.

எனக்குப் பயமா இருக்கும்மா. இத்தன வருசமா எவன் எவனையோ பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு ஹைவேயில ஓட விட்டிருக்கேன், ஒரு நாளும் பயந்ததில்ல. இந்த மனுசன் மாமான்னு கூப்பிட்டா எனக்கு வேர்க்குது. பொண்ணு வாழ்க்க போயிருமோன்னு பயமா இருக்கு. அனுப்புனா போயிருமா, அனுப்பாட்டிப் போயிருமான்னுதான் தெரியல.

அந்தப் போன நிறுத்துங்கம்மா. இல்ல, நிறுத்தாட்டிப் பரவாயில்ல, நான் பேசினத மட்டும் அழிச்சிருங்க. உங்க சேனலக் கரூர்லயும் பாப்பாங்கல்ல? அழிச்சிருங்கம்மா, கும்பிட்டுக் கேக்குறேன். அவரு பாத்தா அவளைத்தான் கேப்பாரு.

வெள்ளக் காரு, அதோ வளையுது. அவருதான்.

வாங்க மாப்பிள்ளை. வாங்க, வாங்க. வழியில டிராபிக் ஒண்ணும் இல்லையே? உங்கம்மாவுக்கு இப்ப எப்பிடி இருக்கு? அப்பிடிங்களா, பரவாயில்லையா. நல்லது. பெட்டி நம்ம வண்டியில இருக்கு, நான் எடுத்து மாத்தி வெச்சுர்றேன். நீங்க எறங்க வேண்டாம், வெயிலு. ஏசியிலயே இருங்க. இதோ படம் விட்டுருவான்.

மாத்தி வெச்சுட்டேம்மா. பெட்டி கனமாவே இல்ல. எடுத்துக்கிட்டு வந்தப்ப அவ்வளவு கனமா இருந்துச்சு.

மணியடிச்சுட்டான். வர ஆரம்பிச்சுட்டாங்க. எல்லார் மூஞ்சியும் பாருங்க, பயந்துட்டு வர்றவங்க மாதிரியா இருக்கு? திருவிழா பாத்துட்டு வர்ற மாதிரி இருக்கு. அதோ, பச்ச சுடிதார், அவதான் மோனிஷா. அந்தக் காலேஜ் புள்ளைங்களோட சேந்துக்கிட்டு வர்றா. கத்திக் கத்தித் தொண்ட கட்டியிருக்கும், கையால ஜாட காட்டித்தான் பேசுறா. சிரிக்கிறா பாருங்க. சின்ன வயசுலயும் இப்பிடித்தான், சிரிச்சா மூக்கு சுருங்கும். என்னத்தான் தேடுறா.

பாத்துட்டா.

இங்க வாம்மா மோனி. ஆமா, மாப்பிள்ளைதான். அத்தைக்கு உடம்பு முடியலையாம், அதான் நேர்லயே வந்துட்டாரு. பெட்டியா? கார்ல வெச்சாச்சு. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன், விட்டுப் போனத அப்புறம் குடுத்து விடுறேன். என்னம்மா? சத்தமே வரல, மெதுவாச் சொல்லு. அம்மாவுக்கா? அம்மாவுக்குத் தெரியாதும்மா. சமயபுரத்துலருந்து வந்ததும் நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன். ஆவணி ஒண்ணாந்தேதி சீரோட நாங்களே வர்றோம். கண்டிப்பா வர்றோம். போன் பண்ணு. சரி, பண்ண முடியலன்னா விடு, நான் மாப்பிள்ளைக்குப் பண்றேன். கைய விடும்மா, பாக்குறாரு. போ.

வேண்டாம்மா, அவகிட்ட மைக்க நீட்டாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், அவள விட்டுருங்க.

எறங்கிட்டீங்களா மாப்பிள்ளை? இவங்களா? யூடியூப்காரங்க, திருச்சியிலருந்து வந்திருக்காங்க. படம் பாத்துட்டு வர்றவங்ககிட்ட எப்பிடி இருக்குன்னு கேக்குறாங்க. இல்லைங்க, ஒண்ணும் பேசல. ரொம்ப நேரமால்லாம் இல்ல, இப்பத்தான் வந்தாங்க. இனிமேத்தான் ஆரம்பிக்கணும். நீங்களும் நில்லுங்க, கூடவே நின்னு கேளுங்க. என்னம்மா, எடுக்குறீங்களா? இப்ப எடுங்க.

என் பேரு மருதமுத்து, முசிறி. படம் ரொம்ப நல்லாருக்குங்க. பழைய படம்னு யாரும் நெனைக்காதீங்க. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. எல்லாரும் குடும்பத்தோட வந்து பாக்கலாம்.